கடல்கடந்த காணிக்கையும் கொல்லிமலை மக்களும்: ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் பணியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் சிறு திருச்சபைகள் திரட்டிய காணிக்கை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கொல்லிமலையின் ஏழை மக்களிடையே மருத்துவம், கல்வி, குடிநீர்ப் பாதுகாப்பு ஆகிய பணிகளாக உருப்பெற்ற முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. பணம், ஆள், செய்தி என்னும் மூன்று இழைகளால் அமைந்த இந்த ஆதரவு முறையில் கணக்குக் கேட்கும் உரிமை கொடுப்போரிடமே இருந்தது. பெறுவோருக்கு அதில் இடமில்லை. அருட்பணியின் உண்மையான உள்ளடக்கத்தை மலைமக்களின் தேவையே பெரிதும் தீர்மானித்தது என்பதும், சங்கத்தின் விதிகள் முடிவுற்ற இடத்தில் தனிமனிதப் பிணைப்பே பணியைத் தொடரச் செய்தது என்பதும் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் ஆகியோரின் வாழ்க்கைவழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, அருட்பணிச் சங்கம், காணிக்கை, மலையாளிப் பழங்குடியினர், நரம்புச் சிலந்தி, தற்சார்புத் திருச்சபை.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தின் எருமப்பட்டி, சேந்தமங்கலம் முதலிய சமவெளி ஊர்கள் கொல்லிமலையின் அடிவாரப் பகுதியில் அமைந்தவை. ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுடைய இம்மலை, சங்க இலக்கியத்தில் வல்வில் ஓரியின் நாடாகப் புகழப்பெற்றது. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இதன் சமய, இயற்கைச் சிறப்புகள். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்னும் வாய்மொழி மரபை உடையவர்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு எனப் பல நாடுகளாகத் தம் நிலப்பகுதியைப் பகுத்து, ஊர்க்கட்டுப்பாடும் வழிபாட்டு முறையும் கொண்டு வாழ்ந்தனர்.

இவ்வளவு தொன்மையான வாழ்வு கொண்ட மலையை, நோயும் அறியாமையும் சூழ்ந்த ‘இருண்ட மலை’யாக அறிந்த மக்கள் இங்கிலாந்தில் இருந்தனர். அவர்கள் அதனை நேரில் கண்டவர்கள் அல்லர். மிஷனரிகளின் கடிதங்கள் வழியே அறிந்தவர்கள். அக்கடிதங்களை வாசித்தே காணிக்கை அளித்தனர். அக்காணிக்கையே மருந்தாகவும் பள்ளியாகவும் மலையேறியது. எனவே கொல்லிமலை அருட்பணியின் வரலாற்றை, மலையில் நிகழ்ந்த பணிகளின் பட்டியலாக மட்டும் எழுதுதல் போதாது. பணிக்குப் பின்னிருந்த ஆதரவு முறை எவ்வாறு இயங்கியது, அதில் யார் யாருக்குப் பொறுப்புடையவராக இருந்தனர், ஏழை மக்களின் தேவையை வரையறுத்தவர் யார் என்னும் வினாக்களும் எழுப்பப்பட வேண்டும்.

ஆதரவு முறையின் தோற்றம்

தமிழகத்தில் சீர்திருத்தத் திருச்சபைகளின் அருட்பணி, 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்குவுடன் தொடங்குகிறது. டென்மார்க் அரசரின் ஆதரவில் தொடங்கிய அப்பணி, மிக விரைவிலேயே செர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தாரையும் இலண்டனின் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தையும் சார்ந்து நின்றது. 1710 முதல் ஹாலேயில் அச்சிடப்பெற்ற அறிக்கைகள், தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களைக் கொடையாளர்களுக்குக் கொண்டு சேர்த்தன. தமிழகத்திலிருந்து செய்தி செல்லும். ஐரோப்பாவிலிருந்து பணமும் ஆளும் வரும். இந்தச் சுழற்சி அப்போதே உருவாகிவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறை எளிய மக்களின் கைக்கு வந்தது. 1792இல் வில்லியம் கேரி வெளியிட்ட சிறுநூல், ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னியோ அதற்கு மேலோ தத்தம் நிலைக்கேற்ப ஒதுக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு கெட்டரிங் நகரில் கூடிய பாப்டிஸ்ட் ஊழியர்கள் தொடங்கிய சங்கத்தின் முதற் காணிக்கை உறுதி 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்சு மட்டுமே. அரசரின் ஆதரவையோ செல்வரின் பெருங்கொடையையோ நம்பாமல், கைவினைஞரும் கடைக்காரரும் தவறாது தரும் சிறுதொகையை நம்பிக் கடல்கடந்த பணியை நடத்தலாம் என்பது புதிய எண்ணம். 1795இல் தோன்றிய இலண்டன் மிஷனரி சங்கமும் இவ்வழியில் வளர்ந்தது. வீடுகளில் வைக்கப்பட்ட காணிக்கைப் பெட்டி, ஞாயிறு பள்ளிச் சிறுவரின் சேமிப்பு, பெண்களின் தையற்குழுக்கள் நடத்திய விற்பனை ஆகியன இம்முறையின் கருவிகள்.

சேலம் மாவட்டத்தில் இலண்டன் மிஷனரி சங்கத்தின் பணி 1827இல் ஹென்றி கிறிஸ்பு என்பவரால் தொடங்கப்பெற்றது. 1840களில் அங்குப் பணியாற்றிய லெக்லர் தொழிற்பள்ளி ஒன்றை நடத்தினார். நற்செய்தியை அறிவிக்க அனுப்பப்பட்டவர் தச்சும் பிற கைத்தொழிலும் கற்பிக்க நேர்ந்தது தற்செயலன்று. திருமுழுக்குப் பெற்ற ஏழைகள் தம் உறவினரின் ஆதரவை இழக்க நேரிடின் அவர்களுக்குப் பிழைப்பு வழி தேவைப்பட்டது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் இத்தேவையை மேலும் கூர்மையாக்கியது. அப்பஞ்சத்தால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் சேலம் மாவட்டமும் ஒன்று. இங்கிலாந்து மக்கள் திரட்டிய பஞ்ச நிவாரண நிதி தென்னிந்தியாவில் பகிரப்பட்டபோது, ஊர்நிலையில் அதனை விநியோகிக்கும் பணியில் மிஷனரிகளும் பங்குகொண்டனர். வறுமை ஒழிப்பு, அருட்பணியின் வெளியே நிற்கும் செயலாக அதன்பின் கருதப்படவில்லை.

ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்

கொல்லிமலைப் பணியை ஏற்றது இலண்டன் மிஷனரி சங்கம் அன்று. 1861இல் இங்கிலாந்தில் தோன்றிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுத் தம் நம்பிக்கையைப் பகிர்ந்தோர்க்கு மட்டுமே திருவிருந்தில் பங்களிக்கும் கட்டுப்பாடு கொண்ட சபைகள் இவை. ஏனைய பாப்டிஸ்ட் சபைகள் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது, இச்சபைகள் தம் கொள்கைக்கு இசைந்த தனிச் சங்கத்தின் வழியே அயல்நாட்டுப் பணிசெய்ய விரும்பின. எண்ணிக்கையில் சிறியவை; பெரிய கதீட்ரல்களோ அரசச் செல்வாக்கோ இல்லாதவை. இக்காரணத்தால் இச்சங்கத்தின் வரலாறு, ஆதரவு முறையைத் தெளிவாகக் காண உதவுகிறது. பேரவைகளின் கணக்கில் தனிச்சபையின் பங்கு மறைந்துபோகும். சிறு சங்கத்தில் கொடுப்பவரும் செல்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர்.

இச்சபைகளின் ஆதரவு மூன்று இழைகளால் ஆனது. முதலாவது பணம். சபைகள் அனுப்பும் தொகை இங்கிலாந்திலுள்ள செயற்குழுவைச் சேரும். குழு மிஷனரிகளுக்கு ஊதியத்தை வரையறுத்து அனுப்பும். உள்ளூர் உபதேசியார், ஆசிரியர், வேதாகமப் பெண்கள் ஆகியோர்க்கும் அந்நிதியிலிருந்தே சம்பளம் கிடைத்தது. இரண்டாவது ஆள். ஒரு சபையில் வளர்ந்தவரே புறப்பட்டுச் செல்வதால், அச்சபை அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாகக் கருதியது. மூன்றாவது செய்தி. மிஷனரி எழுதும் கடிதங்கள் சங்க இதழில் அச்சாகும், செபக்கூட்டங்களில் வாசிக்கப்படும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் திரும்புபவர் ஊர் ஊராகச் சென்று தம் பணியை எடுத்துரைக்க வேண்டும். இம்மூன்றில் எது அறுந்தாலும் மற்றவை தளரும்.

கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட்

ஜெஸ்ஸி பிராண்ட் 1885இல் பிறந்தவர். 1907இல் இந்தியா வந்தார். சேந்தமங்கலத்தில் தங்கித் தமிழ் கற்ற காலத்தில் மலைமக்களைப் பற்றி அறிந்து அவர்களிடையே பணிசெய்ய விரும்பினார். அக்காலத்தில் கொல்லிமலைக்குச் செல்லச் செங்குத்தான காட்டுப்பாதையே இருந்தது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியினர் அங்குத் தங்குவதைத் தவிர்த்தனர். இலண்டனில் வசதியான வணிகக் குடும்பத்தில் 1879இல் பிறந்த ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ், ஓவியம் பயின்றவர். அதே சங்கத்தின் வழியே சென்னை வந்து பணியாற்றியவர். இருவரும் 1913இல் மணந்து மலையில் குடியேறினர். வாழவந்தி அவர்களின் பணிமையமாயிற்று.

பிராண்ட் முழுமையான மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். மிஷனரிகளுக்கு அடிப்படை மருத்துவம் கற்பிக்க 1893இல் இலண்டனில் நிறுவப்பெற்ற லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டுப் பயிற்சி பெற்றவர். அப்பயிற்சியைக் கொண்டே காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்; புண்களைக் கழுவிக் கட்டினார்; பல் பிடுங்கினார். பள்ளிகள் தொடங்கினார். தச்சுவேலை, வீடு கட்டுதல், பயிர்த்தொழில் ஆகியவற்றில் மக்களோடு சேர்ந்து உழைத்தார்.

நரம்புச் சிலந்தி நோய் இங்குத் தனிக்கவனத்திற்குரியது. படிகளில் இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகளிலும் குளங்களிலும், நோயுற்றவரின் காலிலிருந்து புழுவின் குடம்பிகள் நீரில் கலக்கும். அந்நீரைப் பருகுவோர் உடலில் ஓராண்டுக் காலம் வளர்ந்து, நீண்ட புழுவாகத் தோலைத் துளைத்து வெளிவரும். புழுவைச் சிறுகுச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தெடுப்பதே மருத்துவம். பிராண்ட் இம்மருத்துவத்தோடு நிற்கவில்லை. மக்கள் நீருக்குள் இறங்க இயலாதவாறு கிணறுகளுக்குச் சுவர் எழுப்பினார். குணப்படுத்துதலிலிருந்து தடுத்தலுக்குச் சென்ற இம்மாற்றம் சிறப்புக்குரியது. இந்தியா முழுமையும் நரம்புச் சிலந்தியிலிருந்து விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது 2000ஆம் ஆண்டில்தான் என்பதை நோக்க, மலைக்கிணற்றின் சுவருக்குரிய மதிப்பு விளங்கும்.

இங்கே ஆதரவு முறையின் உள்முரண் வெளிப்படுகிறது. காணிக்கை அளித்த சபைகள் முதன்மையாக எதிர்நோக்கியது மனமாற்றத்தை. மலையிலோ முதற் சில ஆண்டுகளில் எவரும் கிறித்தவத்தை ஏற்கவில்லை. கிறித்தவத்தை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர், கொள்ளைநோய்க் காய்ச்சலில் இறக்கும் தறுவாயில் தம் பெண்குழந்தையைப் பிராண்ட் இணையரிடம் ஒப்படைத்ததும், அதன்பின்னரே சிலர் சபையில் சேர்ந்ததும் இவர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இடம்பெறும் செய்தி. பயனென எண்ணிச் சொல்லத்தக்கது எதுவும் இல்லாத அந்த ஆண்டுகளிலும் மருந்தும் பள்ளியும் நிற்கவில்லை. அனுப்பியவர்களின் எதிர்பார்ப்பு ஒன்றாகவும், மலையில் நாள்தோறும் வாசலில் வந்து நின்ற தேவை மற்றொன்றாகவும் இருந்தபோது, பணியின் வடிவத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் பின்னதே.

1923இல் குடும்பம் விடுப்பில் இங்கிலாந்து சென்றது. விடுப்பு முடிந்து பெற்றோர் மலைக்குத் திரும்பியபோது, ஒன்பது வயது மகன் பாலும் அவர் தங்கையும் கல்விக்காக இலண்டனில் உறவினரிடம் விடப்பட்டனர். மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கமான ஏற்பாடு. 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. மகன் தந்தையை மீண்டும் காணவில்லை. காணிக்கைக் கணக்கில் பவுண்டும் ஷில்லிங்கும் பதிவாயின. பணியின் விலையில் இத்தகைய பகுதி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சங்க விதியும் ஈவ்லின் பிராண்டும்

கணவரின் இறப்புக்குப்பின் இங்கிலாந்து சென்ற ஈவ்லின், மீண்டும் தமிழகம் வந்து சங்கத்தின் ஊழியராகத் தொடர்ந்தார். ஆயினும் எங்குப் பணியாற்றுவது என்பதை முடிவுசெய்யும் உரிமை செயற்குழுவுக்கே உரியது. அவர் விரும்பியது மலை. அவருக்குக் கிடைத்தது சமவெளி. எழுபதை நெருங்கிய வயதில் சங்கத்தின் விதிப்படி அவர் ஓய்வுபெற வேண்டியிருந்தது.

சங்கத்தின் நிலைப்பாட்டை இரக்கமற்றதெனத் தள்ளிவிட இயலாது. சிறு சபைகளின் பணத்துக்குப் பொறுப்பேற்ற குழு, முதிய ஊழியர் தொலைமலையில் நோயுற்றால் எழும் கடமையைக் கருதியாக வேண்டும். வயது வரம்பு, விடுப்பு, பணியிட மாற்றம் ஆகிய விதிகள் காணிக்கையைக் காப்பதற்காக உருவானவை. ஆனால் அவ்விதிகளுள் எதுவும் மலைமக்களைக் கேட்டு இயற்றப்பட்டதன்று. பணி எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்பதில் பெறுவோர்க்குக் குரல் இல்லை. ஏழைகளுக்கென அளிக்கப்பட்ட காணிக்கை, கொடுத்தோர்க்கு மட்டுமே கணக்கொப்பித்தது.

ஈவ்லின் ஓய்வை ஏற்றார், ஊர் திரும்பவில்லை. சங்கத்தின் ஊழியர் என்னும் பொறுப்பிலிருந்து விடுபட்டவராகத் தாமே மலையேறினார். கணவரோடு சேர்ந்து சென்றடைய எண்ணிய ஐந்து மலைத்தொடர்களிலும் பணிசெய்வது அவர் நோக்கம். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன்மலை ஆகிய பகுதிகளுக்கும் மட்டக்குதிரையில் சென்றார். மருந்து கொடுத்தார், கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்தார், நரம்புச் சிலந்திக்கு எதிரான பணியைத் தொடர்ந்தார். சங்கம் ஓய்வளித்தபின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இவ்வாறு கழிந்தது. 1974 டிசம்பர் 18இல் தம் 95ஆம் வயதில் வேலூரில் இறந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பெற்றார். ‘பிராண்ட் பாட்டி’ என்னும் பெயரே அவருக்கு நிலைத்தது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. சங்கத்தின் ஆதரவு முறையே அவரை மலைக்குக் கொண்டுவந்தது. மொழியறிவையும் மக்களின் நம்பிக்கையையும் ஈட்டித் தந்தது. அம்முறையின் எல்லை முடிந்தபின், அது ஈட்டித்தந்த உறவே அவரை அங்கு நிறுத்தியது. நிறுவனமும் தனிமனிதப் பற்றும் ஒன்றுக்கொன்று மாற்றாக அமையவில்லை. ஒன்றன் முடிவில் மற்றொன்று தொடர்ந்தது.

பால் பிராண்டும் வேலூரும்

இலண்டனில் மருத்துவம் கற்ற பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை, வலியுணர்வு அற்றமையால் அறியாது ஏற்படும் காயங்களாலேயே அழிகின்றன என்பதைத் தம் ஆய்வால் விளக்கினார். தசைநாண் மாற்று அறுவையால் முடங்கிய கைகளை இயங்கச் செய்தார்.

வேலூரின் ஆதரவு முறை கொல்லிமலையிலிருந்து வேறுபட்டது. 1900இல் ஐடா ஸ்கடரால் தொடங்கப்பெற்ற இந்நிறுவனத்தின் முதல் மருத்துவமனை, நியூயார்க்கைச் சேர்ந்த வங்கியாளர் ஷெல் அளித்த 10,000 டாலர் கொடையால் எழுந்தது. பின்னர்ப் பல நாடுகளின் பல சபைப்பிரிவுகள் கூட்டாகப் பொறுப்பேற்றன. கல்லூரி, தொழுநோய்ச் சங்கங்கள் ஆகியவற்றின் ஒத்துழைப்பில் 1955இல் கரிகிரியில் ஷீபலின் தொழுநோய் ஆய்வு நிலையம் உருவானது. ஒரு சபை, ஒரு மிஷனரி, ஒரு மலை என்னும் பிணைப்பு இங்கே நிலையான நிறுவனமாக மாறிற்று. ஒருவர் இறந்தாலும் ஓய்வுபெற்றாலும் பணி நிற்காது என்பது இம்மாற்றத்தின் வலிமை. இந்தியர் தலைமையேற்க வழி திறந்ததும் இதன் பயனே.

பெறுவோர் கொடுப்போராதல்

கடல்கடந்த ஆதரவு என்றென்றும் நீடிக்கக்கூடாது என்ற கருத்து மிஷனரிகளிடையே முன்பே எழுந்தது. தன்னாட்சி, தற்சார்பு, தாமே பரப்புதல் என்னும் மூன்று இலக்குகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி வென், ரூஃபஸ் ஆண்டர்சன் ஆகியோர் முன்வைத்தனர். நடைமுறையில் கைமாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. பணம் வெளியிலிருந்து வரும்வரை முடிவும் வெளியிலிருந்தே வரும் என்பதை இந்தியக் கிறித்தவர்கள் உணர்ந்திருந்தனர்.

இதற்குத் தமிழகம் அளித்த விடை திருநெல்வேலியிலிருந்து வந்தது. 1903இல் வே. ச. அசரியாவின் முன்முயற்சியில் தோன்றிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம், தமிழ்ச் சபைகளின் பணத்தைக்கொண்டே தெலுங்கு நாட்டின் டோர்னக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. 1905இல் செராம்பூரில் தோன்றிய தேசிய மிஷனரி சங்கம் இதனை நாடு முழுமைக்கும் விரித்தது. உலையிலிடும் அரிசியில் ஒருபிடியை எடுத்துவைத்துத் திருப்பணிக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம், தமிழ்ச் சபைப் பெண்களிடையே வேரூன்றியிருந்தது. வில்லியம் கேரி எண்ணிய வாரப் பென்னிக்கும் இப்பிடியரிசிக்கும் உள்ள ஒப்புமை தெளிவானது. பெரும்பாலும் ஏழைகளாகிய சபையாரே பிற ஏழைகளுக்குக் கொடுக்கும் நிலை இதனால் உருவாயிற்று.

விடுதலைக்குப் பின்னர்ச் சூழல் மேலும் மாறியது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இலண்டன் மிஷனரி சங்கத்தின் சபைகள் அதில் இணைந்தன. மதமாற்றத்தையும் வெளிநாட்டுப் பணத்தையும் இணைத்து ஐயுறும் குரலும் வலுப்பெற்றது; மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழுவின் 1956ஆம் ஆண்டு அறிக்கை அதற்குச் சான்று. 1976இல் வந்த வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமும் அதற்கு மாற்றாக 2010இல் இயற்றப்பெற்ற சட்டமும், கணக்குக் கேட்கும் உரிமையை அரசுக்கு அளித்தன. கொடுப்போரும் அரசும் கணக்குக் கேட்கும் நிலையிலும், பெறுவோர் கணக்குக் கேட்கும் வழி இன்னும் குறுகியதே.

சான்றுகளை வாசிக்கும் முறை

இவ்வரலாற்றுக்கான எழுத்துச்சான்றுகளில் பெரும்பகுதி, கொடையாளரை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. மக்களின் துன்பத்தை மிகுத்தும் அவர்தம் வழிபாட்டைத் தாழ்த்தியும் கூறும் போக்கு அவற்றில் இயல்பாக உண்டு. காணிக்கையைத் தூண்டுதல் அவ்வெழுத்தின் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் இதே ஆவணங்களில் மலைவழி, நோய், கிணறு, பயிர், திருவிழா பற்றிய நுண்குறிப்புகளும் கிடைக்கின்றன. கொடையாளரைக் கவர்வதற்குத் தேவைப்படாத இத்தகைய தற்செயல் குறிப்புகளே வரலாற்றாய்வாளர்க்குக் கூடுதல் நம்பகமானவை. அறப்பளீசுவரர் கோயில் மரபையும் மலையாளிகளின் வாய்மொழி வரலாற்றையும் ஊர்க்கட்டுப்பாட்டு முறைகளையும் எதிர்வைத்து இவற்றை வாசிக்கும்போது, கடிதங்கள் காட்டும் ‘இருண்ட மலை’ கலைந்து, நோயோடு போராடியும் தம் மரபைப் பேணியும் வாழ்ந்த மக்கள் புலப்படுவர். மருந்தை ஏற்று மதத்தை ஏற்காத பெரும்பான்மையினரின் தேர்வும் அப்போது வரலாற்றுச் செயலாக மதிப்புப் பெறும்.

முடிவுரை

கடல்கடந்த திருச்சபைகளின் ஆதரவைத் தூய ஈகையென்றோ ஆதிக்கக் கருவியென்றோ ஒற்றைச் சொல்லில் அடக்குதல் கொல்லிமலைச் சான்றுக்குப் பொருந்தவில்லை. நற்செய்தி அறிவிக்கக் கொடுக்கப்பட்ட பணம் கிணற்றுச் சுவராயிற்று. அனுப்பியவர்களின் எதிர்பார்ப்பை, அனுப்பப்பட்டவர் மலைமக்களின் தேவைக்கேற்ப மாற்றியமைத்ததால் இது நிகழ்ந்தது. அம்மாற்றத்தைச் செய்யும் உரிமை மலைமக்களிடம் இல்லாமல் மிஷனரியின் நல்லுணர்வையே சார்ந்திருந்தது இம்முறையின் அடிப்படைக் குறை. ஈவ்லின் பிராண்ட் போன்றோர் அக்குறையைத் தம் வாழ்நாளால் ஈடுசெய்தனர். முறை அதனை ஈடுசெய்யவில்லை. பிடியரிசியில் தொடங்கிய தற்சார்பு இயக்கமும் வேலூர் போன்ற கூட்டு நிறுவனங்களும் முடிவெடுக்கும் இடத்தை இந்திய மண்ணுக்குக் கொண்டுவந்தன. சேலம், நாமக்கல் சமவெளியிலும் அதனை அடுத்த மலைகளிலும் நிகழ்ந்த அருட்பணிகளை இனி ஆராய்வோர், கொடுத்தோர் அறிக்கைகளோடு பெற்றோர் நினைவுகளையும் தொகுப்பார்களாயின் இவ்வரலாறு முழுமை பெறும். வாழவந்தி முதலிய ஊர்களின் முதியோரிடம் வாய்மொழியாக எஞ்சியுள்ள செய்திகளைத் திரட்டுதல் அதற்கான முதற்பணி.